நெரிடாவின் அறுபத்து மூன்று புகார்கள்

டாலோ கிரீக்கில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த நெரிடா ஸ்டப்பின்ஸுக்கு எதையும் சட்டென்று பிடித்துவிடாது. புதிதாகத் திறந்த பேக்கரியின் ரொட்டியைத் தலையணை என்றாள். பக்கத்துத் தெருவில் போட்ட வேகத்தடையை ஒட்டகம் என்றாள். மழை பெய்தால் துணி காயவில்லை என்பாள், பெய்யாவிட்டால் தண்ணீர்த் தொட்டி காலி என்பாள். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த மஞ்சள் பேருந்தை ஓட்டியதில் ஒரு பிள்ளையின் முழங்காலில்கூடக் கீறல் விழுந்ததில்லை. அதையும் யாராவது பாராட்டினால், "பின்னே? கீறி அனுப்பறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்பாள்.

பிள்ளைகளுக்கு அவளிடம் பயம் உண்டு, அதைவிடப் பெருமை அதிகம். "பின்சீட்டு மகாராஜா, காலைக் கீழ இறக்கு" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே அவள் சொன்னால் எட்டுப் பேர் காலை இறக்குவார்கள்.

அப்படிப்பட்டவளின் பின்வேலியை ஒட்டி நின்ற தைலமரத்துக்கு, அந்த நாட்டில் செப்டம்பரில் தொடங்கும் வசந்த காலம் ஒன்றில் ஆண் கோவாலா ஒன்று குடிவந்தது.

கோவாலா என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விமான நிலையத்தில் வாங்கும் பஞ்சுப் பொம்மைதான் ஞாபகம் வரும். பொம்மைக்குத் தொண்டை கிடையாது. நிஜ ஆண் கோவாலா ஜோடி தேடும் மாதங்களில் எழுப்பும் ஓசையைக் கேட்டவர்கள் அதைக் கொஞ்ச மாட்டார்கள். குறட்டை விடும் பன்றி ஒன்று, கிளம்ப மறுக்கும் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருப்பது போலிருக்கும். அதுவும் மனிதர்கள் புரண்டு படுக்கும் நேரம் பார்த்துத்தான் தொடங்கும்.

நெரிடாவின் கணவர் லின்சே முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவர். இரும்பும் சுத்தியலும் அவர் காதைப் பாதி எடுத்துக்கொண்டிருந்தன. அவர் பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்கினார். நெரிடா ஐந்து மணிக்கு எழுந்து பேருந்தை எடுக்க வேண்டியவள். முதல் வாரம் ஜன்னலைத் திறந்து திட்டிப் பார்த்தாள். கோவாலா அதைப் பதில் பாட்டு என்று எடுத்துக்கொண்டது போலிருந்தது, இன்னும் உற்சாகமாக உறுமியது. இரண்டாவது வாரம் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் பீய்ச்சினாள். மரம்தான் நனைந்தது. மூன்றாவது வாரம் லின்சேயின் கார்க் கூரை மேல் மரத்திலிருந்து ஒரு மழை இறங்கியது. அது வானத்து மழை இல்லை என்பது வாசனையிலேயே தெரிந்தது.

"துரைக்குக் குளியலறை வேணுமாம்" என்றாள் நெரிடா. அன்றிலிருந்து அதற்குத் துரை என்றே பெயர்.

அன்று மாலையே கவுன்சிலுக்கு முதல் கடிதம் போயிற்று.

"ஐயா, என் வீட்டின் பின்னால் உள்ள மரத்தில் ஒரு கோவாலா இருக்கிறது. இன்று அதிகாலை மூன்று பத்துக்குத் தொடங்கி நான்கு ஐந்து வரை கத்தியது. நான் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பத்தோரு பிள்ளைகள் என்னை நம்பி ஏறுகிறார்கள். என் கண் இமையை நம்பி யாரும் ஏற முடியாத நிலை வந்துவிட்டது. ஆவன செய்யவும்."

பத்து நாளில் பதில் வந்தது. "அன்புள்ள திருமதி ஸ்டப்பின்ஸ், தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிட்ட இடத்தில் கோவாலா வசிப்பதைப் பதிவு செய்துகொண்டோம். அது பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஆதலால் அதை அகற்றவோ அமைதிப்படுத்தவோ எங்களுக்கு அதிகாரம் இல்லை. தங்கள் பொறுமைக்கு நன்றி. இப்படிக்கு, டி. ஓக்லி."

"பொறுமையா?" என்று நெரிடா சமையலறையில் நின்று கூவினாள். "என் கடிதத்துல எந்த வரியில பொறுமை இருக்கு? லின்சே, நீ படிச்சுப் பாரு, எங்கயாவது இருக்கா?"

"இல்ல நெர்" என்றார் லின்சே, படிக்காமலே.

இப்படியே ஒன்பது வருடம் ஓடியது. துரை கத்தியபோதெல்லாம் நெரிடா எழுதினாள். நாள், நேரம், எந்தப் பக்கத்து மரம், எவ்வளவு நேரம், தனியாகவா துணையோடா, எல்லாம் எழுதினாள். "இன்று இரண்டு பேர் கத்தினார்கள். ஒருவன் துரை, இன்னொருவன் ஓடைப் பக்கத்திலிருந்து வந்த புதுசு. புதுசுக்குச் சுருதி சேரவில்லை" என்று ஒன்று. "நேற்று ஒரு பெண் கோவாலா வந்திருந்தாள். அவள் கூச்சல் போட்டுத் துரையை விரட்டியதை நான் ஜன்னலிலிருந்து கண்டு மகிழ்ந்தேன்" என்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓக்லி பதில் எழுதினார். ஒவ்வொரு பதிலும் அதே வாசகம், கோவாலா வசிப்பதைப் பதிவு செய்துகொண்டோம். போனதும் வந்ததும் எல்லாவற்றையும் நெரிடா லின்சேயின் பழைய குழாய்ச்சாமான் விலைப்பட்டியல் அட்டைக்குள் செருகி வைத்தாள். அட்டை உப்பி, ரப்பர் பட்டை போட வேண்டியதாயிற்று.

ஒன்பதாம் வருடம் அவள் மகள் டார்சி இரண்டு குழந்தைகளோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். அக்கம்பக்கத்தில் இன்னொரு வீடு அமையவில்லை. ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் வாசலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கார் நிறுத்தும் கொட்டகையைத் தடுத்து, கட்டில் போட்டு, "ஒரு மாசம்தான்மா" என்று டார்சி சொன்னாள். பதினோரு மாதம் ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பின்வேலிக்கு அப்பால் ஓடை வரை இருந்த காட்டை ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது, முந்நூறு வீடுகள் வரப்போகின்றன என்று செய்தி வந்தது. குடியிருப்புக்கு 'பெல்பேர்ட் ரைஸ்' என்று பெயர். காட்டை வெட்டிவிட்டு, அங்கே கூடு கட்டியிருந்த பறவையின் பெயரைப் பலகையில் எழுதி மரியாதை செய்வது அந்தத் தொழிலின் வழக்கம்.

நெரிடாவுக்குச் சந்தோஷம். மகளுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. கூடவே துரையும் மூட்டை கட்டுவான். வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் இரண்டு பக்கமும் நல்லதாக வருவது அபூர்வம் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை டீகன் மரே என்கிற பெண் கையெழுத்து வேட்டைக்கு வந்தாள். கால்நடை மருத்துவமனையில் செவிலி வேலை. 'டாலோ கிரீக் கோவாலா நண்பர்கள்' என்ற சங்கத்தின் தலைவி. சங்கத்தில் மொத்தம் ஏழு பேர், அதில் ஒருவர் சாசேஜ் சுடுவதற்காக மட்டும் வருகிறவர்.

"நெரிடா, பின்காட்டைக் காப்பாத்தறதுக்கு ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்குக் காப்பாத்தணும்?"

"கோவாலாவுக்கு அங்க இருக்கற மரம்தாங்க சாப்பாடு. வெட்டிட்டா எங்க போகும்?"

"உன் வீட்டுக்கு வரட்டும். உன் படுக்கையறை எந்தப் பக்கம்? ஜன்னலைத் திறந்து வை."

"நீங்க சும்மா சொல்றீங்க."

"பொண்ணே, நான் ஒன்பது வருஷமா தூங்கல. தூங்காதவ சும்மா எதுவும் சொல்லமாட்டா." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஆனால் டீகன் படியிறங்கும்போது கதவு மறுபடி திறந்தது. "அந்த ரெண்டாவது படி ஆடும், பாத்துப் போ."

பத்து நாள் கழித்துக் கம்பெனி ஊர் மண்டபத்தில் படங்கள் வைத்து, காப்பியும் கேக்கும் வைத்து மக்களை அழைத்தது. நெரிடா நல்ல சட்டை போட்டுக்கொண்டு டார்சியோடு போனாள். வீட்டுப் படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டார்சி மூன்று அறை வீட்டின் முன்னால் நின்று, குழந்தைகளின் கட்டில் எந்தச் சுவர் ஓரம் என்று மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நெரிடா கேக்கைக் கடித்து, காய்ந்துவிட்டது என்று முடிவு செய்து, அடுத்த பலகைக்குப் போனாள். அதில் சுற்றுச்சூழல் ஆய்வு என்று போட்டிருந்தது. நிபுணர்கள் இரண்டு நாள் காட்டை ஆராய்ந்தார்களாம். கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது: "இந்த இடத்தில் கோவாலாக்கள் வசிக்கவில்லை."

நெரிடா அதை ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

கம்பெனியின் ஆள் ஆல்டன் பிரைஸ் பக்கத்தில் நின்றிருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, எல்லாருக்கும் ஒரே அளவில் தரும் சிரிப்பு.

"தம்பி, இதை யார் எழுதினது?"

"எங்க நிபுணர்கள் அம்மா. ரொம்ப நுணுக்கமாப் பாத்திருக்காங்க."

"அப்ப என் வீட்டு மரத்துல ஒன்பது வருஷமா கத்தறது யாரு? என் மாமியாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரைஸும் சிரித்தான். "சில பேருக்கு மரநாய் சத்தம், தவளைச் சத்தம் எல்லாம் அப்படித் தோணும். தூக்கக் கலக்கத்துல கேக்கறப்போ..."

அந்த வாக்கியத்தை அவன் தொடங்காமலே விட்டிருக்கலாம். முடிக்காமல்தான் விட்டான், ஆனால் தாமதமாகிவிட்டது. நெரிடா ஸ்டப்பின்ஸை எரிச்சல்காரி என்று சொல்லலாம், வாயாடி என்று சொல்லலாம். அதெல்லாம் அவளுக்கே தெரியும். அவள் காதால் கேட்டது கனவு என்று டாலோ கிரீக்கில் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். அந்த உப்பிய அட்டையை எடுத்து மேசையில் போட்டாள்.

"இல்லையாம் லின்சே. துரை இல்லையாம். அறுபத்து மூணு கடுதாசி எழுதியிருக்கேன், எல்லாம் தவளைக்கு எழுதினதாம்."

"உனக்கு அவன் போனாப் போதும்னுதானே இருந்துச்சு?"

"போகணும்தான். இருந்துட்டுப் போகணும். இல்லாதவன் எப்படிப் போவான்?"

லின்சே காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். இது முக்கியமான பேச்சு என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் பேருந்து ஓட்டம் முடிந்ததும் நெரிடா நேராக டீகன் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் போனாள். டீகன் ஒரு கிழட்டுப் பூனைக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். நெரிடா அட்டையை மேசையில் வைத்து ரப்பர் பட்டையை இழுத்தாள். காகிதங்கள் பாதி தரையில் விழுந்தன.

டீகன் குனிந்து ஒன்றை எடுத்துப் படித்தாள். பிறகு இன்னொன்று. பூனை மாத்திரையைத் துப்பிவிட்டு நடந்துபோனதைக் கூடக் கவனிக்கவில்லை. "நெரிடா, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"புகார்."

"புகார் இல்லீங்க. ஒன்பது வருஷத்துக் கணக்கெடுப்பு. நாள், நேரம், எத்தனை ஆண், எத்தனை பெண்... இதுல பாருங்க, 'குட்டியை முதுகில் சுமந்துகொண்டு வந்தாள், அவளாவது பேசாமல் இருந்தாள்'னு எழுதியிருக்கீங்க. இந்த மாதிரி ஒரு ஏடு யார்கிட்டயும் இல்ல!"

"நான் ஒண்ணும் உன் சங்கத்துல சேர வரல. என்னைப் பொய்க்காரின்னு சொன்னவன் வாயை அடைக்கணும். அவ்வளவுதான்."

"சரி சரி, சேர வேண்டாம்" என்றாள் டீகன், சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு. "ஒரு தடவை எங்ககூடக் காட்டுக்கு மட்டும் வாங்க."

ஒன்பது வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று திட்டிய காட்டுக்குள் நெரிடா முதல் தடவையாக நடந்து போனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். காலில் லின்சேயின் ரப்பர் பூட்ஸ். டீகன் மரப்பட்டையில் நகக் கீறல்களைக் காட்டினாள். மரத்தடியில் கிடந்த புழுக்கையை எடுத்துக் கொடுத்தாள், நெரிடா முகத்தைச் சுளித்துக்கொண்டு முகர்ந்தாள், தைல வாசனை வந்தது. "இருமலுக்குத் தடவலாம் போலிருக்கே" என்றாள். ஓடைக்கு அருகில் ஒரு கவட்டையில் பெண் கோவாலா ஒன்று உட்கார்ந்திருந்தது. முதுகில் குட்டி. குட்டி ஒரு கையால் தாயின் காதைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பி நெரிடாவையே பார்த்தது.

நெரிடா ஒரு நிமிடம் முழுதாகப் பேசாமல் இருந்தாள். இதை டீகன் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். நேரம் பார்த்தாளாம்.

பிறகு நெரிடா தொண்டையைச் செருமினாள். "என்ன முழிக்கிற? அம்மா காதை விடு, வலிக்கும்" என்று குட்டியைக் கண்டித்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டில் விஷயம் வேறு மாதிரி இருந்தது. கம்பெனியின் திட்டத்தை விவாதிக்கும் கவுன்சில் கூட்டத்தில் பேச நெரிடா பெயர் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் டார்சி துவைத்த துணிக் கூடையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"அந்த மிருகம் தூங்க விடலேன்னு ஒன்பது வருஷம் ஊரைக் கூட்டினே. இப்ப அதுக்கு நீயே வக்கீலா?"

"நான் அதுக்குப் பேசலடி. எனக்காகப் பேசறேன்."

"எனக்கு யாரும்மா பேசறது? என் பிள்ளைங்க கார் நிறுத்தற இடத்துல தூங்குதுங்க. கோவாலாவுக்கு மரம் வேணும், சரி. எங்களுக்குக் கூரை வேண்டாமா?"

டார்சி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் துணி காயப்போடும் சத்தம், கிளிப்புகளை டப் டப்பென்று கடிக்க வைக்கும் சத்தம், வெகு நேரம் கேட்டது.

அடுத்த மூன்று வாரமும் நெரிடா பேருந்து ஓட்டும்போது பிள்ளைகளை அதட்டவில்லை. பின்சீட்டுக்காரர்கள் காலை மேலே போட்டுப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை. சாலையின் இரண்டு பக்கமும்தான் பார்த்துக்கொண்டு போனாள். ஏதோ ஒன்றை அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள், குன்றுப் பக்கம் திரும்பும் வளைவில், வழக்கமில்லாமல் பேருந்தை ஓரம் கட்டினாள். அங்கே கம்பிவேலிக்குள் பழைய குதிரை மேய்ச்சல் நிலம் கிடந்தது. வேலியில் தொங்கிய பலகையில் அதே கம்பெனியின் பெயர். நெரிடா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். பேருந்து கிளம்பியது.

கூட்டம் ஒரு வியாழக்கிழமை மாலை. கவுன்சில் அறை நிரம்பிவிட்டது. டீகனின் ஏழு பேர் காகிதக் காதுகள் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நெரிடா அவர்களைப் பார்த்து, "அதைக் கழட்டுங்க, பிறந்தநாள் விழாவா நடக்குது?" என்றாள். ஆறு பேர் கழட்டினார்கள். சாசேஜ்காரர் மட்டும் மறந்துவிட்டார். பேச ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். பிரைஸ் படங்களோடு பேசினான். நிபுணர் அறிக்கையைத் தூக்கிக் காட்டினான். நெரிடா முறை வந்ததும் அவள் அட்டையை மேசையில் வைத்தாள்.

"என் பேரு நெரிடா ஸ்டப்பின்ஸ். எனக்குக் கோவாலா பிடிக்காது. இதை முதல்ல சொல்லிடறேன்."

தலைமை வகித்த பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார்.

நெரிடா படிக்கத் தொடங்கினாள். சுருதி சேராத புதுசைப் பற்றிய கடிதத்தில் பின்வரிசையில் ஒருவர் களுக்கென்றார். கார்க் கூரை மழைக்கு வந்தபோது உறுப்பினர்கள் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். நெரிடா சிரிக்கவில்லை. ஒவ்வொன்றின் கீழும் கவுன்சில் பதிலையும் படித்தாள். கோவாலா வசிப்பதைப் பதிவு செய்துகொண்டோம். பதிவு செய்துகொண்டோம். பதிவு செய்துகொண்டோம்.

"இதை எழுதினது நான் இல்ல, நீங்க. உங்க முத்திரை இருக்கு. இன்னொண்ணும் பாருங்க. ஒன்பது வருஷத்துல ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் என் கடுதாசி ஒண்ணுகூட இல்ல. ஏன் தெரியுமா? அந்த மாசங்கள்ல துரை கத்தமாட்டான். நானும் நல்லாத் தூங்குவேன். இந்த ஐயாவோட நிபுணர்கள் எப்ப வந்தாங்க?"

கூட்டத் தலைவி அறிக்கையைப் புரட்டினார். "மே மாதம். இரண்டு நாள்."

"பகல்லயா?"

"...பகலில்."

"பகல்ல துரை கிளையில தூங்குவான். நானும் அந்த ரெண்டு நாள் காட்டுக்குப் போயிருந்தா, அவங்களைவிட நல்லாத் தூங்கியிருப்பேன்."

அறை சிரிப்பில் குலுங்கியது. பிரைஸ் எழுந்தான். "இவையெல்லாம் ஒருவருடைய தனிப்பட்ட கடிதங்கள். யாரும் நேரில் வந்து சரிபார்க்கவில்லையே" என்றான்.

அப்போது ஓரத்து மேசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒல்லியான, நரைத்த மனிதர் மெதுவாகக் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தப்பை ஒப்புக்கொள்ளும் பிள்ளை தூக்குவதுபோல. "நான் சரிபார்த்திருக்கிறேன்" என்றார். "இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் கோவாலா இருந்தது. கோப்பில் புகைப்படம் இருக்கிறது. நான்... டேரல் ஓக்லி."

நெரிடா முழுதாகத் திரும்பினாள். "நீங்கதானா அந்த ஓக்லி?"

"நான்தாங்க."

"ரெண்டு தடவை வந்தீங்களா? என் வீட்டுக் கதவைத் தட்டவே இல்லையே?"

"பயமா இருந்துச்சுங்க" என்றார் ஓக்லி. பிறகு, எதையும் மறைக்க வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, "உங்க கடிதம் வந்தா எங்க ஆபீஸ்ல டீ நேரத்துல சத்தமா வாசிப்போம். ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் எங்களுக்குப் போரடிக்கும்" என்றார்.

நெரிடாவுக்கு அன்று வந்தது கோபமா வெட்கமா என்று லின்சேயாலும் சொல்ல முடியவில்லை. காது வரை சிவந்துவிட்டாள். மூன்று நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, கூட்டத் தலைவி மணியடிக்கவில்லை. நெரிடா கடைசியாக, காகிதம் எதுவும் பார்க்காமல் பேசினாள்.

"வீடு வேணும். அதை யாரும் இல்லேன்னு சொல்லாதீங்க. என் பொண்ணும் ரெண்டு குழந்தைகளும் கார்க் கொட்டகையில இருக்காங்க. இந்தக் கம்பெனிக்குக் குன்றுப் பக்கம் ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கு. நான் தினம் நாலு தடவை அதைத் தாண்டிப் போறேன். நாலு வருஷமா அங்க குதிரை இல்ல, மரம் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டை அங்க கட்டறதுக்கு என்ன கேடு?"

அவள் உட்கார்ந்தாள். அந்தக் கேள்விக்குப் பிரைஸிடம் படம் இல்லை. மேய்ச்சல் நிலத்தில் கோல்ஃப் பந்து அடித்துப் பழகும் மைதானம் வைக்கக் கம்பெனி நினைத்திருந்தது பிறகு தெரியவந்தது.

அன்று முடிவு எதுவும் ஆகவில்லை. புது ஆய்வு வேண்டும் என்று மட்டும் தீர்மானித்தார்கள். செப்டம்பரில் வேறு நிபுணர்கள் வந்தார்கள். கூடவே கோவாலாப் புழுக்கையை மோப்பம் பிடித்து, கண்ட இடத்தில் உட்காரப் பழக்கிய ஒரு நாய், பெயர் பிஸ்கட். பிஸ்கட் முதல் நாள் காலையிலேயே இருபத்தாறு மரங்களடியில் உட்கார்ந்துவிட்டது. இருபத்தேழாவதாக நெரிடாவின் பின்வேலியருகே உட்கார்ந்து, நகர மறுத்தது. "எனக்கு நாயும் அவ்வளவாப் பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டே நெரிடா அதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள்.

எட்டு மாதம் இழுபறி. கடைசியில் கம்பெனி திட்டத்தை மாற்றியது. குதிரை நிலத்தில் நூற்று நாற்பது வீடுகள். பின்காடு ஓடை வரைக்கும் அப்படியே இருக்கும், அதைக் கடக்கும் சாலையில் வேகத்தைக் குறைப்பார்கள். டீகன் அழுதாள். சாசேஜ்காரர் எல்லாருக்கும் சாசேஜ் சுட்டார். முந்நூறு வீடு நூற்று நாற்பதானதில் நெரிடாவுக்குத் திருப்தி இல்லை என்பதை மட்டும் அன்று யாரும் கேட்க விரும்பவில்லை. "மிச்சம் நூத்தி அறுபது குடும்பம் எங்க போகும்? அதுக்கு யாராவது கையெழுத்து வாங்கறீங்களா?" என்று அவள் கேட்டாள். டீகன் கையில் ரொட்டியோடு நின்றாள். பிறகு, "வாங்கலாம்" என்றாள். வாங்கவும் செய்தாள். கவுன்சிலின் பழைய கிடங்கு நிலத்தில் வாடகை வீடுகள் கட்டச் சொல்லி அந்த ஏழு பேர் சங்கம் எழுதிய மனுவின் முதல் கையெழுத்து நெரிடாவுடையது.

டார்சி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கூட்டம் முடிந்த இரண்டாம் மாதமே மலைக்கு மேலே, இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் சின்ன வீடு கிடைத்து, குழந்தைகளோடு போய்விட்டாள். போகும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவிடம், "வரேன்" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு போனில் லின்சேயோடுதான் பேசினாள். லின்சே பாதி கேட்டு, பாதியை அவரே இட்டுக்கட்டி நெரிடாவிடம் சொன்னார். "உன்னை விசாரிச்சா" என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் அது பொய் என்று நெரிடாவுக்குத் தெரியும். தெரிந்தும், "என்ன விசாரிச்சா?" என்று கேட்பாள்.

துரை அந்த வசந்தத்திலும் கத்தினான். நெரிடா எழுந்து உட்கார்ந்து, நேரம் குறித்து, டீகனுக்கு அனுப்பினாள். திட்டும் சேர்த்தே அனுப்பினாள். பிடித்துப்போய்விட்டதா என்று யாராவது கேட்டால், "பிடிக்கறதுக்கு அவன் என்ன பண்ணிட்டான்?" என்பாள்.

பிள்ளைகளின் விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். பேருந்து ஓட்டிய கைக்குக் கார் பொம்மை மாதிரி இருந்தது. பின்சீட்டில் தேங்காய்த்துருவல் புரட்டிய கேக் ஒரு டப்பா, ஜன்னல் திரைத்துணி ஒரு சுருள். டார்சியின் புது வீட்டில் முன்னறைக்குத் திரை இல்லை, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் உள்ளே பார்க்கிறார்கள் என்று லின்சே சொல்லியிருந்தார். அது மட்டும் நிஜம் என்று அவள் நம்பினாள்.

டார்சி கதவைத் திறந்தாள். கையில் தரை துடைக்கும் துடைப்பான். உள்ளே குழந்தைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாம்மா. இப்பதான் துடைச்சேன்" என்றாள் டார்சி.

நெரிடா கழட்டினாள். தரை ஈரமாக இருந்தது. ஒரு மூலையில் துடைக்காமல் விட்டிருந்தது அவள் கண்ணில் பட்டது. அதைச் சொல்லவில்லை. திரைத்துணியைப் பிரித்து ஜன்னலில் வைத்து அளந்து பார்த்தாள். அரை முழம் நீளமாக இருந்தது. டார்சி தையல் பெட்டியைத் தேடி எடுத்து வந்து, துணியின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.